விசாரணை சிமுலேஷன்: அழுத்தம் ஏறினால் எப்போதும் தகவலும் ஏறுகிறது, ஏன்?

ராணுவ விசாரணை முறைகளில் எது பலன் தருகிறது என்று பார்க்க, கணினியில் ஒரு மாதிரி எழுதுகிறேன். விசாரிப்பவர் ஒருவர், கைதி ஒருவர். கைதிக்குச் சில தகவல்கள் தெரியும். அழுத்தம் ஏற ஏற அவருடைய பிடிவாதம் குறையும், ஒரு கட்டத்தில் வாய் திறப்பார். எப்படி ஓட்டினாலும் மிரட்டல்தான் ஜெயிக்கிறது. நயமாகப் பேசிக் கறக்கும் முறை கடைசியில் நிற்கிறது. நிரலில் பிழையா?

பதில் 1:
நிரல் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. நீங்கள் எழுதிக் கொடுத்த விதியையே முடிவாகத் திருப்பித் தருகிறது. உங்கள் கைதிகள் எல்லோருக்கும் விஷயம் தெரியும், யாரும் பொய் சொல்வதில்லை. எதுவும் தெரியாத ஆள் மாட்டினால்? விட்டால் போதும் என்று கதை கட்டுவார்.

உளவியலாளர் ரஸ்ஸானோ குழுவின் 2005 சோதனையைப் பாருங்கள். தனியாகத் தீர்க்க வேண்டிய புதிரில் காப்பியடிக்க உதவியவர்கள், உதவாதவர்கள் என இரு வகையினரையும் விசாரித்தார்கள். சாதாரணமாகக் கேட்டபோது, உதவியவர்களில் 46% பேர் ஒப்புக்கொண்டார்கள். உதவாதவர்களில் 6% பேர். குற்றத்தைச் சிறிதாக்கிக் காட்டி, கூடவே சலுகையும் பேசியபோது அது 87%, 43% ஆனது. உண்மை கிட்டத்தட்ட இரு மடங்காகிறது, பொய் ஒப்புதலோ ஏழு மடங்காகிறது. மொத்தத் தகவலை எண்ணாதீர்கள், இரண்டையும் பிரித்து எண்ணுங்கள்.

கேட்டவர்:
பாதிப் பேரை எதுவும் தெரியாதவர்களாக மாற்றினேன். மிரட்டலின் மவுசு குறைந்துவிட்டது, நன்றி! ஆனால் நயமான முறை இன்னும் மேலே வரவில்லை.

பதில் 2:
வராது. உங்கள் கைதி தான் எவ்வளவு சொன்னோம் என்று துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கிறார், நிஜ மனிதர் அப்படி இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிடிபட்ட நேச நாட்டு விமானிகளை விசாரித்த ஜெர்மானியர் ஹான்ஸ் ஷார்ஃப், எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர் போலக் கதை பேசுவார். தான் புதிதாக ஒன்றை உளறியதே எதிராளிக்குத் தெரியாது. சுவீடனில் உளவியலாளர் கிரன்ஹாக் குழு இதைச் சோதித்தபோது, கிடைத்த புதுத் தகவலோடு, 'நான் இவ்வளவுதான் சொன்னேன்' என்று தகவல் தந்தவர் நினைத்ததையும் அளந்தது. 'இவர்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும்', 'நான் எவ்வளவு சொல்லிவிட்டேன்' என்ற இரண்டு மாறிகளைக் கைதிக்குள் வையுங்கள்.

பதில் 3:
அப்புறம், நினைவாற்றல். அமெரிக்க ராணுவத்தின் போலிச் சிறைமுகாம் பயிற்சியில் மார்கன் குழு செய்த ஆய்வு, 2004. விசாரித்தவரை, முகாமிலிருந்து விடுபட்ட மறுநாள் நேரடி அடையாள அணிவகுப்பில் சரியாகக் காட்டியவர்கள் கடும் விசாரணைக்குப் பின் 30%, மென்மையான விசாரணைக்குப் பின் 62%. முகத்தை அடையாளம் காண்பது வேறு, தகவலை நினைவுகூர்வது வேறு. அதனால் எண்ணை அப்படியே உள்ளிடாமல், அழுத்தம் ஏறினால் நினைவு மங்கும் என்ற திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.