மூக்குத்தொண்டையா, மேல்மிடறா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கும்பகோணத்திலிருந்து, திங்கள் காலை:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக 16 பக்கச் சிற்றேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே ஒரு சின்ன அறை மாதிரி இடம் இருக்கிறதே, அங்கே வருகிற புற்றுநோய் பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, மூன்று இடத்தில் முட்டி நிற்கிறேன். ஆங்கிலத்தில் நேசோஃபேரிங்ஸ் (nasopharynx) என்கிற அந்த இடத்துக்குப் பெயர் என்ன, மூக்குத்தொண்டை என்று போடலாமா? எந்த நாட்டில் அதிகம், எங்கே குறைவு என்று சொல்லும் அத்தியாயத்துக்கு 'வட்டாரப் பரவல்' என்று போட்டேன், என் மகள் படித்துவிட்டு "இது தொத்துமாம்மா?" என்றாள். மூன்றாவது, ஐந்தாண்டு கழித்து நூறு பேரில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்கிற கணக்கு. 'பிழைப்பு வீதம்' என்று எழுதி நானே அடித்துவிட்டேன். படிக்கப்போவது பேராசிரியர் இல்லை, கட்டட வேலைக்குப் போன மன்னார்குடிப் பையன்.

திருவையாற்றிலிருந்து:

அம்மா, சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: மிடறு, அதாவது கழுத்து, தொண்டை. தொல்காப்பியர் பிறப்பியலில் "தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைஇ" என்கிறார். புறநானூற்றின் முதல் பாட்டிலேயே "கறைமிடறு அணியலும் அணிந்தன்று". தொண்டை என்பது கொடியின் பெயர், ஆதொண்டை. கோவைப் பழத்தையும் குறிக்கும். தொண்டைமான் அதை அணிந்தவன், அவன் நாடு தொண்டை நாடு. சோழநாட்டில் உட்கார்ந்துகொண்டு அதை ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும்? மேல்மிடறு என்று போடுங்கள். 'மேவும் மென்மை மூக்கு' என்று நன்னூல் மெல்லினத்துக்கு இடம் சொல்கிறது. ங ஞ ண ந ம ன வரும்போது காற்று மூக்குக்குப் பிரிகிற சந்தி இதுதான். ஆகவே 'மெல்லினவாய்' என்றுகூட ஆக்கலாம்.

திருவாரூரிலிருந்து:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நான் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்க்கிறவன், தினமும் நோயாளியிடம் பேசுகிறேன். 'கதிர்வீச்சு' என்றாலே புரியாது, 'கரண்டு வைக்கிறது' என்றால்தான் தலையாட்டுவார்கள். மெல்லினவாய்ப் புற்று என்றால் ஓடிவிடுவார்கள் ஐயா. மிடறு என்றால் இப்போது 'ஒரு மிடறு தண்ணீர்' மட்டும்தான், எங்கள் தெருப் பையன்களுக்கு அது வேறொரு பானத்தின் அளவு.

இந்த நோய்க்காரர் யாரும் 'மூக்கு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. கழுத்தில் ஒரு பக்கம் 'நெறி கட்டியிருக்கு' என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து, பற்றின் காவி நிறம் தோலில் அப்படியே இருக்க வருவார்கள். இல்லையென்றால் ஒரு காது மட்டும் அடைத்த மாதிரி இருக்கும், சில்லுமூக்கு உடைந்து ரத்தம் வரும். காதுக்குப் போகிற குழாய் அந்த இடத்தில்தான் திறக்கிறது, அதனால் காதடைப்பு. மண்டையோட்டின் அடிவாரம், கத்தி வைக்க வசதியில்லாத இடம். நல்லவேளை, கதிர்வீச்சுக்கு நன்றாகக் கரையும். சிற்றேட்டில் சொல் எதுவானாலும் சரி, பக்கத்தில் ஒரு படம் போடுங்கள் அக்கா.

இன்னொன்று. 'புற்று' என்றதும் எங்கள் ஊரில் புற்றிடங்கொண்டார் நினைவுக்கு வருவார். சாமி பெயரை நோய்க்கு வைத்தது யார் என்று என் பாட்டி கேட்டதுண்டு.

திருவையாற்றிலிருந்து:

தம்பி, கிரேக்கத்தில் அது நண்டு. நமக்கு அலவன் என்ற அழகான சங்கச் சொல் உண்டு. அலவநோய் என்றால்

கும்பகோணத்திலிருந்து:

ஐயா, இன்று செவ்வாய். புற்று இருக்கட்டும், நண்டு அடுத்த மாதம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

எனக்கு ஒரு யோசனை. மூக்கில் இழுத்த காற்று கடைசியாக வந்து சேர்கிற இடம், அப்புறம் கீழே வாய்க்கால் மாறுகிறது. 'மூக்கின் கடைமடை' என்று சொல்லுங்கள். கல்லணை திறந்து எத்தனை நாள் கழித்து எங்களுக்குத் தண்ணீர் வருகிறது, வாய்க்காலில் என்ன அடைத்துக் கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. இந்த நோயும் அப்படித்தானே, ஒளிந்திருக்கிற இடம்.

திருவாரூரிலிருந்து:

அண்ணே, ரசித்தேன். ஆனால் சிங்கப்பூர் மருத்துவரிடம் போய் 'கடைமடையில் கட்டி' என்றால் அவர் பொதுப்பணித் துறைக்கு அனுப்பிவிடுவார்.

நாகப்பட்டினத்திலிருந்து:

என் கவலை வேறு. அக்கா அனுப்பிய வரைவில் ஆறாம் பக்கத்தில் 'கருவாடு புற்றுநோய் உண்டாக்கும்' என்று இருக்கிறது. இது அச்சானால் அக்கரைப்பேட்டையில் அடிதடி ஆகும். மூலத்தில் சொல்லியிருப்பது சீன முறை உப்புமீன். கான்டன் பக்கத்தில் மீனைக் கொஞ்சம் நொதித்து இளகவிட்டு அப்புறம் உப்பிடுவார்கள், பால் மறக்கும் குழந்தைக்குக் கஞ்சியோடு ஊட்டும் பழக்கம் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியான காரணிகளின் முதல் பட்டியலில் வைத்திருப்பது அதைத்தான். எங்கள் நெத்திலி பிடித்த அன்றே வெயிலில் காய்கிறது. எல்லா உப்பு மீனும் கருவாடு என்று எழுதக் கூடாது. 'சீனமுறை உப்புமீன்' என்று முழுசாகப் போடுங்கள், தூய்மை பார்க்க வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து:

மாற்றிவிட்டேன், நன்றி தம்பி. நல்ல வேளை. இப்போது 'பரவல்'. 2020இல் உலகம் முழுக்கப் புதிதாக ஏறத்தாழ 1,33,000 பேருக்கு இது வந்திருக்கிறது, பெரும்பகுதி தென்சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும். அப்புறம் வட ஆப்பிரிக்கா, வடதுருவத்து இனுயிட் மக்கள். இந்தியாவில் பொதுவாக அபூர்வம். நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் பக்கம் மட்டும் அதிகம். பெண்களைவிட ஆண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு. இதற்குத் தலைப்பு?

திருவையாற்றிலிருந்து:

திணைவாரிப் பாங்கு.

திருவாரூரிலிருந்து:

நாகாலாந்து குறிஞ்சி, கான்டன் நெய்தலா ஐயா? 'பரவல்' வேண்டாம் என்பதில் மட்டும் அக்கா மகள் பக்கம் நான். ஆனாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த நோயோடு ஒட்டி வருவது எப்ஸ்டைன்-பார் வைரஸ், 1964இல் கண்டது. அது எச்சில் வழியே தொற்றும், உலகில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உடம்பில் சும்மா கிடக்கும். வைரஸ் தொற்றும், புற்று தொற்றாது. இந்த வரியைக் கொட்டை எழுத்தில் போடாவிட்டால், ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கும் இடத்தில் நோய்வந்த பையனுடைய தட்டைத் தனியாக வைத்துவிடுவார்கள். தலைப்பு 'எங்கே அதிகம், எங்கே குறைவு' என்றே இருக்கட்டுமே. கலைச்சொல் எல்லாத் தலைப்புக்கும் வேண்டுமா?

திருவையாற்றிலிருந்து:

வேண்டாமென்றால் இந்தக் குழு எதற்கு? மூன்றாவதற்கு 'எஞ்சுவீதம்'.

பட்டுக்கோட்டையிலிருந்து:

எச்சம், வினையெச்சம் எல்லாம் முடியாமல் நிற்பவை ஐயா. தவிர, எங்கள் வீட்டில் எச்சம் என்றால் காக்கா போட்டது. 'ஐந்தாண்டுப் பிழைப்பு' என்றால் எம்எல்ஏ நினைவுதான் வரும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்து முடித்தபோது என் தோப்பில் 120 தென்னையில் 31 நின்றது. கணக்கெடுக்க வந்தவர் முதல் ஊர்க்காரர் வரை எல்லாரும் கேட்டது 'எத்தனை நிக்குது?' என்றுதான். ஆறு மாதம் கழித்து அந்த 31இல் ஏழு குருத்துச் சாய்ந்தது. ஆகவே எப்போது எண்ணினோம் என்பதும் கணக்கில் இருக்க வேண்டும், அதற்குத்தான் அவர்கள் ஐந்தாண்டு என்று கோடு போடுகிறார்கள் போல. 'ஐந்தாண்டு தாண்டியவர் வீதம்' என்று எழுதினால் என்ன? ஐந்து வருஷத்தில் ஆள் போய்விடுவான் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, 'தாண்டியவர்' என்று இருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து:

இதை எடுத்துக்கொள்கிறேன். முதல் நிலையில் கண்டுபிடித்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் தாண்டுகிறார்கள், தள்ளத் தள்ளக் குறைகிறது. ஹாங்காங்கில் அறிகுறி எதுவும் இல்லாத 20,000 சொச்சம் ஆண்களின் ரத்தத்தில் அந்த வைரஸின் மரபுத்துணுக்கை (டி.என்.ஏ.) தேடி 34 பேரிடம் நோயைக் கண்டார்கள். 71 விழுக்காட்டினர் முதலிரண்டு நிலையில். வழக்கமாக அங்கே அப்படிச் சிக்குவது 20 விழுக்காடுதான். 2017இல் வெளியானது. இதை எழுதும்போது கலைச்சொல் எதுவும் தேவைப்படவில்லை என்பதைப் புலவர் ஐயாவிடம் தாழ்மையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வாக்கு: மூக்குத்தொண்டை 7, பின்மூக்கு 3, மேல்மிடறு 2, கடைமடை 1. கோப்பு அனுப்பியாயிற்று.

கும்பகோணத்திலிருந்து, வெள்ளி மாலை:

மெய்ப்பு வந்தது. பக்கம் வடிவமைத்தவர் தலைப்பெல்லாம் 'மூக்கு தொண்டைப் புற்றுநோய்' ஆக்கிவிட்டார். ஒரு த் போய், மூக்கும் தொண்டையும் என்று உம்மைத்தொகை ஆகிவிட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பலகை மாதிரி. பதினான்கு இடத்தில் திருத்த வேண்டும்.

திருவையாற்றிலிருந்து:

மேல்மிடறு என்று போட்டிருந்தால் இந்த ஒற்றுத் தொல்லையே வந்திராது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

ஐயா, மெல்லினம் வந்தால் லகரம் னகரமாகும் என்று நீங்கள்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தீர்கள். கல் மலை கன்மலை. அப்படியானால் அது மேன்மிடறு அல்லவா?

திருவையாற்றிலிருந்து:

இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.