மெல்லிய அடி ஷூவில் ஏற்காட்டின் சேர்வராயன் மலை: ஏற்றத்தை விட இறக்கம்தான் சோதனை

வெறுங்காலில் நடப்பது போலிருக்கும் மெல்லிய அடி ஷூவைத்தான் பேர்ஃபுட் ஷூ என்கிறார்கள். பெட்டியில் அப்படி அச்சடித்திருப்பதை நம்பாமல், உள்ளே இருக்கும் இன்சோலை (பாதத்துக்கு அடியில் வரும் மெல்லிய அட்டையை) உருவிவிட்டுப் பாருங்கள். குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அடி ரப்பர் 4 முதல் 6 மி.மீ.; மலைக்கு என்றால் அதற்குக் கீழே தரையைப் பிடிக்க 3, 4 மி.மீ. புடைப்பு வேண்டும். ஈரத்துணி பிழிவது போல முறுக்கினால் ஷூ வளைந்துகொடுக்க வேண்டும்.

அளவைச் சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் எடுங்கள். தாளில் நின்று பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து, அதன்மேல் இன்சோலை வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் விரல் கோடு வெளியே தெரியக் கூடாது. நீளமான விரலுக்கு முன்னால் 10, 12 மி.மீ. மிச்சம் வேண்டும். ஏறும்போது அந்த இடம் சும்மா கிடக்கும். இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கும், நகம் கறுப்பது அப்போதுதான்.

•

மேலே சொன்ன அளவெல்லாம் சரிங்க. பழக்காத காலை நேரே மலைக்குக் கூட்டிட்டுப் போறதுதான் பெரிய தப்பு. 2013ல வந்த ஒரு ஆய்வுல, இந்த மாதிரி ஷூவுக்கு 10 வாரத்துல மாறின 19 ஓட்டக்காரங்கள்ல 10 பேருக்குப் பாத எலும்புக்குள்ள நீர்க்கோப்பு இருந்தது ஸ்கேன்ல தெரிஞ்சது. அவங்க ஓடினாங்க, நாம நடக்கிறோம். ஆனா சுமையோட இறங்குறதும் லேசில்லைங்க.

முதல் ரெண்டு வாரம் வீட்டுலயும் தெருவுலயும் 20 நிமிஷம் போதும். அப்புறம் ஏற்காடு ஏரிக்கரை மாதிரி சமதளம். இறக்கம் கடைசிதான். கூடவே படி விளிம்புல முன்பாதத்தை வெச்சு, குதிகாலை மெதுவா கீழே இறக்கித் தூக்குங்க: முட்டியை நீட்டி 15 தடவை, மடக்கி 15 தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். கெண்டைக்கால் இறுக்கம் பொதுவா சில நாள்ல போயிடும். ஆனா பாதத்து மேல்பக்கம், ரெண்டாவது மூணாவது விரலுக்குப் பின்னால ஒரே புள்ளியில அழுத்தினா வலிச்சா நடையை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. அது எலும்பு விரிசலா இருக்கலாம். சர்க்கரையால பாதத்துல உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு இந்த ஷூவே வேண்டாங்க.

•

காலைப் பழக்கணும்னு மேலே அண்ணன் சொன்னதோடு தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய அடிக்குக் கல்லை விடத் தார் ரோடு மோசம். சேலம்-ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே இறங்கினால், ஒரே கோணத்தில் ஒரே எலும்பு ஆயிரக்கணக்கான முறை அடி வாங்கும். காட்டுப் பாதையில் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழுவதால் சுமை பிரிந்துவிடும். இறக்கத்தில் காலடி நீளத்தைச் சுருக்குங்கள், முட்டியைத் தளர்த்துங்கள், குதிகாலைக் குத்தாமல் பாதத்தை மொத்தமாக வையுங்கள். முதல் சில நடைகளுக்குப் பை 5 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

காப்பித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் சருகு மெத்தென்று இருக்கும், ஆனால் கவாத்து செய்த குச்சிகள் சாய்வாக வெட்டுப்பட்டு அதற்கடியில் கிடக்கும். தோட்டக்காரரைக் கேட்டு நுழைந்தாலும் நடுத்தடத்திலேயே நடங்கள்.

அடிவாரத்தில் சீமைக்கருவேல முள் வேறு. முள் உடனே குத்தாது. ரப்பரில் பாதி ஏறி நின்று, அடுத்த கிலோமீட்டரில் உள்ளே வரும். உட்காரும்போதெல்லாம் ஷூவைக் கழற்றி, அடியை வெளிப்பக்கமாக வளைத்துப் பாருங்கள். ரப்பர் விரியும்போது முள்ளின் தலை தெரியும். நகத்தால் பிடித்தால் முறிந்துவிடும், சின்னக் குறடுதான் சரி. உடைந்த துண்டு மாட்டிக்கொண்டால் உள்ளிருந்து ஊசியால் தள்ளுங்கள்.

•

மழையில் ஏற்காட்டுக் கிளியூர் அருவிப் படிக்கு இந்த ஷூ சரிவருமா?

•

பாசி பிடித்த படிக்கு எந்த ஷூவும் ஒன்றுதான். புடைப்பு ஆழமாக இருந்தால் வழுக்குப் பாறையில் தொடும் பரப்பு குறைகிறது. புடைப்பே இல்லாவிட்டால் செம்மண் சேற்றில் பிடிப்பில்லை. மழை நாளில் அருவியை விட்டுவிடுங்கள். கணுக்கால் திறந்திருக்கும் என்பதால் அடர்ந்த புல்லில் காலை வைக்குமுன் கம்பால் தட்டுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.

நனைந்த ஷூவை வெயிலில் நிற்கும் கார் கண்ணாடிக்கு அடியில் போடாதீர்கள். சூட்டில் பசை இளகி, முதலில் விரல் நுனியில்தான் அடி பிரியும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். பிரிந்தால் தெருமுனைத் தொழிலாளியிடம் கொடுக்கலாம்: இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு, சொல்யூஷன் பசை தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். ஓரத்தில் தையல் மட்டும் வேண்டாம், 4 மி.மீ. ரப்பரில் அந்த ஊசித் துளை வழியாகத் தண்ணீர் ஏறும்.