காப்பர் படிந்த ரைஃபிள் பேரல்: அம்மோனியாவா, நுரையா?

புதுக்குறி
வணக்கம். மெல்பர்னில் செகண்ட் ஹேண்டாக ஒரு .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கினேன். முதல் மாதம் 100 மீட்டரில் ஐந்து தோட்டாவும் 3 செ.மீ.க்குள் விழுந்தன. இப்போது 7 செ.மீ. ஸ்கோப் திருகெல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது, தோட்டாவும் அதே பெட்டிதான். பேரல் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் புளி போட்டுத் தேய்த்த செம்புச் சொம்பு மாதிரி உள்ளே மினுக்குகிறது. கையில் இருக்கும் ஹாப்பீஸ் நம்பர் 9 கரைப்பான் வெடிமருந்துக் கரியை எடுக்கிறது, தோட்டா உறையிலிருந்து படிந்த இந்தக் காப்பர் மினுக்கத்தை மட்டும் அசைக்கவில்லை. கிளப்பில் ஒருவர் ஸ்வீட்ஸ் 7.62 என்ற அம்மோனியா கரைப்பானை வாங்கு என்கிறார். பக்கத்தில் நின்றவர், அம்மோனியா உள்ளே போனால் பேரல் போச்சு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பழைய303
தம்பி, கண்ணை மூடிக்கொண்டு ஸ்வீட்ஸ் வாங்குங்கள். 5 சதவீத அம்மோனியா. முதலில் கரியைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். கரிக்கு அடியில் இருக்கும் காப்பரை எந்தத் திரவமும் தொடாது. பிறகு ஒரு துணியை நனைத்து உள்ளே தள்ளுங்கள், பத்து நிமிடம் பொறுங்கள், காய்ந்த துணி போடுங்கள். கருநீலமாக வரும். நீலம் வராத வரை திரும்பத் திரும்ப. அவ்வளவுதான் விஷயம். பேரல் போச்சு என்பவர்கள் பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்காதவர்கள். 15 நிமிடத்துக்கு மேல் விடாதே என்று அதிலேயே இருக்கிறது.

நுரைக்கட்சி
அண்ணா, 15 நிமிடத்துக்கு மேல் விடாதே என்று பாட்டிலே எச்சரிக்கும் ஒன்றை எதற்கு உள்ளே விட வேண்டும்? வைப்-அவுட் மாதிரி அம்மோனியா இல்லாமலே காப்பரை எடுக்கும் நுரை வந்த பிறகும் அம்மோனியாவைக் கட்டி அழுவது எனக்குப் புரியவில்லை. இரவு நுரையை அடித்துவிட்டுத் தூங்கப் போவேன். காலையில் இரண்டு துணி, வேலை முடிந்தது. பிரஷ் தேய்ப்பு இல்லை, நாற்றம் இல்லை. நான் ஃப்ளாட்டில் இருக்கிறேன். அம்மோனியா பாட்டிலைத் திறந்தால் குழந்தை இருமுகிறது, மனைவி ரைஃபிளோடு என்னையும் சேர்த்து பால்கனிக்கு அனுப்பிவிடுகிறாள்.

பழைய303
நாற்றம் வேறு பிரச்சினை, பேரல் வேறு பிரச்சினை. இரண்டையும் கலக்காதீர்கள்.

வேதிவாத்தி
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். அம்மோனியா இரும்பைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. முதல் உலகப் போர்க் காலம் வரை அமெரிக்க ஸ்ப்ரிங்ஃபீல்ட் ரைஃபிள்களுக்குத் தாமிரமும் நிக்கலும் கலந்த உறை போட்ட தோட்டாக்கள்தான். அந்த உலோகம் பேரலின் முன்பகுதியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்கக் கடும் அம்மோனியாவில் அம்மோனியம் பெர்சல்ஃபேட்டைக் கரைத்து, பின்பக்கம் ரப்பர் அடைப்பு வைத்து, பேரல் நிறைய ஊற்றுவார்கள். கொஞ்ச நேரம் மறந்து, திரவம் ஓரிடத்தில் வற்றிக் காய்ந்தால் அந்த இடம் துரு பிடித்துப் பாழ். பிறகு 1920களில் கில்டிங் மெட்டல் வந்தது. பெரும்பங்கு தாமிரம், மிச்சம் துத்தநாகம். கட்டிகள் போயின, மெல்லிய பூச்சு மட்டும் மிஞ்சியது. மருந்து மாறிவிட்டது, பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. அம்மோனியா தனியாகத் தாமிரத்தைக் கரைக்காது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் முதலில் தாமிரத்தை ஆக்ஸிஜனேற்றம் செய்ய வேண்டும், அப்புறம்தான் அம்மோனியா அதைப் பிடித்து நீலக் கரைசலாக்கும். அதனால் பேரலை ரொப்பி அடைத்து வைப்பதைவிட, ஈரத்துணியால் மெல்லிய படலமாகப் பூசிவிட்டுக் காற்றுப் பட விடுவது வேகமாக வேலை செய்யும்.

நுரைக்கட்சி
வாத்தியார் என் கட்சிக்குத்தான் பேசுகிறார். காய்ந்தால் துரு என்றாரே, கவனித்தீர்களா?

பழைய303
காய விடாதே என்றுதானே நானும் சொல்கிறேன்! சரி, நான் ஒன்று கேட்கிறேன். நுரை அடித்து எடுத்தபின் காப்பர் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

நுரைக்கட்சி
துணியில் நீலம் நின்றுவிட்டால் போய்விட்டது. உங்களுக்கும் அதே கணக்குத்தானே?

போர்ஸ்கோப்_பித்தன்
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு செய்தி: நீலம் பொய் சொல்லும். போன வருஷம் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். ஒரு பேரலை மூன்று மாலை உட்கார்ந்து துடைத்தேன். பதினைந்தாவது துணியும் நீலம், இருபதாவதும் நீலம். கடைசியில் துடைக்கும் ராடை வெளியே எடுத்து நுனியைப் பார்த்தால், துணியைக் குத்தும் ஜாக் பித்தளை! அதன் கூர்மை மழுங்கி, பழைய கோவில் மணி மாதிரி நிறம் மாறியிருந்தது. கரைப்பான் பேரலை எப்போதோ முடித்துவிட்டு என் ஜாக்கைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. வெண்கல பிரஷ்ஷும் இதே கதைதான். நைலான் ஜாக், நைலான் பிரஷ் வாங்கிய அன்றே நான்காவது துணி வெள்ளையாக வந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கேஜி-12 என்று அம்மோனியா இல்லாத ஒன்று இருக்கிறது. காப்பரை நன்றாகவே எடுக்கும், நீலம் மட்டும் காட்டாது. துணியைப் பார்த்து ‘இது வேலைக்கு ஆகாது’ என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

புதுக்குறி
அடடா. என் ஜாக்கும் பித்தளைதான்.

பழைய303
அது சரியான பாயின்ட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேரலுக்குள் எட்டிப் பார்க்கும் போர்ஸ்கோப் கருவியை வாங்கியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உள்ளே ஒரு துளி செம்பு தெரிந்தாலும் தூக்கம் வராது. கம்பெனி பேரலின் உட்புறம் கரடுமுரடு. அந்தச் சின்னச் சின்னக் குழிகளில் காப்பர் போய் உட்கார்ந்த பிறகுதான் சில ரைஃபிள் ஒழுங்காகவே சுடும். மொத்தமாக உரித்தெடுத்தால் அடுத்த பத்துப் பதினைந்து தோட்டா எங்கே போகிறது என்று ஆண்டவனுக்கே தெரியாது. குறி சிதறினால் எடு, சிதறாவிட்டால் தொடாதே.

போர்ஸ்கோப்_பித்தன்
பழைய .303 வைத்துக்கொண்டு நீங்களா இதைச் சொல்வது? உங்கள் ரைஃபிளுக்குத்தான் இது ஆபத்து. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் மூடியில், பொட்டாசியம் குளோரேட். வெடித்த பின் உள்ளே தங்குவது உப்பு. அந்த உப்புக்கு மேல் காப்பர் பூச்சு உட்கார்ந்தால், மேலே பளபளப்பு, அடியில் துரு.

பழைய303
அதற்குத்தான் கொதிக்கும் தண்ணீரும் புனலும் இருக்கின்றன, ஐயா. உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முதலில் தண்ணீர், பிறகு அம்மோனியா, கடைசியில் எண்ணெய். பல வருஷமாக அந்த வரிசைதான், ஒரு புள்ளி துரு இல்லை.

நுரைக்கட்சி
பார்த்தீர்களா, மூன்று கட்டம், புனல், கொதிக்கும் தண்ணீர். நான் அதற்குள் தூங்கி எழுந்துவிடுவேன்.

வேதிவாத்தி
நுரைக்கட்சி, உங்கள் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் கெட்டியாக அடுக்கடுக்காகப் படிந்த பேரலுக்கு ஒரே இரவு போதாது. கரி ஒரு அடுக்கு, காப்பர் ஒரு அடுக்கு, மறுபடி கரி. நுரை மேல் அடுக்கோடு நின்றுவிடும். இடையில் கரிக்கான கரைப்பானைப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முந்தையதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். பிளீச் வகையறாவை அம்மோனியா பக்கமே கொண்டுபோகாதீர்கள், விஷவாயு வரும்.

புதுக்குறிக்கு: செகண்ட் ஹேண்ட் என்றீர்கள். முந்தைய சொந்தக்காரர் காப்பரைத் தொட்டிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். முதல் தடவைக்கு அம்மோனியா, பிறகு வழக்கமாக அம்மோனியா இல்லாதது. ரைஃபிள் காலி என்று இரண்டு தடவை பாருங்கள். போல்ட்டைக் கழற்றி, போர் கைடு (ராடை நேராகப் பேரலுக்குள் செலுத்தும் குழாய்) வைத்துப் பின்பக்கமாகவே ராடை விடுங்கள். மர ஸ்டாக் என்றால் மேலே ஒரு பழைய துண்டு போர்த்துங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் வார்னிஷ் வெளுத்துவிடும்.

புதுக்குறி
(இரண்டு வாரம் கழித்து)
நைலான் ஜாக் வாங்கி, பின்வாசலில் உட்கார்ந்து ஸ்வீட்ஸ் போட்டேன். முதல் துணி பேனா மை கொட்டியது மாதிரி. ஐந்தாவதில் வெளிர்நீலம். பிறகு ஹாப்பீஸ் விட்டுப் பிரஷ் தேய்த்தால் திடீரென்று கரி, அதன்பின் மறுபடியும் கருநீலம். வாத்தியார் சொன்ன அடுக்கு கண்ணெதிரே வந்தது. மொத்தம் மூன்று சுற்று. நேற்று ரேஞ்சில் முதல் ஆறு தோட்டா ஊர் சுற்றின. அடுத்த ஐந்து 3.5 செ.மீ. கைக்கு இன்னும் அம்மோனியா வாசனை போகவில்லை. இனி நுரைதான் என்று முடிவு செய்திருக்கிறேன்.

பழைய303
முதல் ஆறு ஊர் சுற்றின என்பதைக் கவனிக்கவும். நான் சொன்னேனா இல்லையா?

நுரைக்கட்சி
‘இனி நுரைதான்’ என்பதையும் கவனிக்கவும், அண்ணா.