நுனியில் சுட்டது எது?

மொட்டைமாடி:
7.1 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்ப ஒரு டைபோல் (நடுவில் மின்சாரம் ஊட்டும், இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) கட்டினேன், பக்கத்துக்கு 10 மீட்டர் கம்பி. ஒரு நுனி தண்ணீர்த் தொட்டிக் குழாயில், நைலான் கயிற்றில் தொங்கியது. கை எட்டும் உயரம்; அதுதான் தப்பு. கீழே சக ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர் சிக்னல் அனுப்பும் கீயை அழுத்திக்கொண்டிருந்ததை மறந்து, கயிறு தளர்ந்திருக்கிறதே என்று நுனியைப் பிடித்துவிட்டேன். ஷாக் அடிக்கவில்லை, சுட்டது. விரலில் கடுகளவு வெள்ளைப் புள்ளி, கருகிய வாடை. எதனோடும் சேராத நுனியில் மின்னோட்டம் ஏது?

பாலிடெக்னிக் வாத்தியார்:
நீங்கள் தொடும்வரை அங்கே ஓட்டம் இல்லைதான். ஓட்டம் ஒடுங்கும் இடத்தில்தான் மின்னழுத்தம் உச்சத்துக்குப் போகும். 100 வாட் என்றால் நடுவில் மறிப்பு (மாறுமின்னோட்டத்துக்கு உள்ள தடை) 73 ஓம், ஏறத்தாழ 1.2 ஆம்பியர், 85 வோல்ட். நுனியில் மறிப்பு சில ஆயிரம் ஓம், ஆகவே பல நூறு வோல்ட். விரல் பட்டதும் உங்கள் உடம்பே தரைக்கு வழியாகிவிட்டது.

"தொடர்சுற்றில் எங்கும் ஒரே மின்னோட்டம்தானே சார்?" என்று வகுப்பில் வருடம் தவறாமல் ஒருவன் கேட்பான். 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். அதன் முன் வீட்டு வயரிங் வெறும் புள்ளி. இங்கே அலைநீளம் 42 மீட்டர். நடுவிலிருந்து நுனிக்குப் போவதற்குள் கால் அலைவு முடிந்துவிடும். வழியில் குறையும் ஓட்டம் கம்பியின் மேல் மின்னேற்றமாகத் தேங்கி, மாறும் மின்புலமாகக் காற்றில் தொடர்கிறது. அதுதான் மேக்ஸ்வெல்லின் இடப்பெயர்ச்சி மின்னோட்டம்; அதையும் கணக்கில் சேர்த்தால், உள்ளே வரும் ஓட்டம் அத்தனையும் வெளியே போக வேண்டும் என்ற கிர்க்காஃப் பிழைத்துக்கொள்வார்.

இருட்டியபின் டியூப்லைட்டை நுனியருகே கொண்டுபோனால் இணைப்பே இல்லாமல் ஒளிரும். நடுப்பக்கம் நகர்த்தினால் மங்கி அணைந்துவிடும். அதைக் காட்டிய வருடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

காரில் கம்பு:
என் கார் ஆன்டெனாவின் நடுவில் ஒரு சுருள். உள்ளே போகும் ஓட்டம்தான் வெளியே வரும், அது வெறும் மின்தூண்டி என்று நண்பர் ஒரு மாதம் வாதாடினார். கடைசியில் ஃபெரைட் வளையம், டயோடு, பழைய மீட்டர் வைத்து அளந்தோம். சுருளுக்குக் கீழே முள் 80-இல் நின்றது, மேலே 55. நான் காலரைத் தூக்கிக்கொண்டேன். அவர் பேசாமல் போய் டொராய்டில் (வளைய வடிவ உள்ளகத்தில்) சுற்றிய சின்னச் சுருள் ஒன்றை எடுத்துவந்து மாட்டினார். இரண்டு பக்கமும் முள் ஏறக்குறைய ஒரே இடம்! ஒரு சாண் நீளச் சுருள் தானும் ஆன்டெனாவின் ஒரு பகுதி. நெல்லிக்காய் அளவுச் சுருள்தான் பாடப்புத்தக மின்தூண்டி. டீச் செலவைப் பாதிப் பாதியாகப் போட்டோம்.

மொட்டைமாடி:
அப்படியானால் என் நுனியில் துல்லியமாக எத்தனை வோல்ட்? மீட்டரின் மறுமுனையை எங்கே வைப்பது?

பாலிடெக்னிக் வாத்தியார்:
அங்கேதான் சிக்கல். மாறும் காந்தப்புலத்தில் இரு இடங்களுக்கு இடையிலான வோல்ட், அளக்கும் ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். நான் சொன்ன பல நூறு வோல்ட்டும் சுற்றுக்கணக்கின் வசதிக்காகச் சொன்னது. கம்பியில் ஓட்டத்தை அளக்கலாம், வெளியே புலத்தை அளக்கலாம்.

மொட்டைமாடி:
கயிற்றை நீட்டி நுனியை மூன்று ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். இன்றிரவு டியூப்லைட்டை மூங்கில் கழியில் கட்டிப் பார்க்கப்போகிறேன். கீ என் கையில், கழி நண்பர் கையில்.