காலை 7 மணிக்குள் முடியாத பவர் பிஐ ரெஃப்ரெஷ்: அனுபவப் பகிர்வு

திருவொற்றியூரிலிருந்து:

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எந்தக் கண்டெய்னர் எப்போது உள்ளே வந்தது, எது இன்னும் வெளியேறவில்லை என்று காட்டும் பவர் பிஐ (தரவுகளை அறிக்கைகளாக்கிக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) அறிக்கையைப் பார்த்துத்தான் எங்கள் மேலாளர் காலை 7 மணிக்கு டிரெய்லர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பார். 5 மணிக்குத் தொடங்கும் ரெஃப்ரெஷ், அதாவது தரவுத்தளத்திலிருந்து புதிய தரவை அறிக்கைக்குள் இழுக்கும் வேலை, முதலில் 20 நிமிடங்களில் முடிந்துகொண்டிருந்தது. ஓராண்டுக்குள் அது 1 மணி 50 நிமிடங்கள் வரை நீண்டு, ஒரு திங்கட்கிழமை 2 மணி நேரத்தைத் தொட்டதும் பாதியில் நின்றுபோனது. பவர் பிஐயின் ப்ரோ உரிமத்தில் ஒரு ரெஃப்ரெஷுக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். பிரீமியம் உரிமத்தில் 5 மணி நேரம் உண்டு. அன்று முந்தைய நாளின் பட்டியலை நம்பி வண்டிகளை அனுப்பியதால், இரவெல்லாம் சாலையில் வரிசையில் நின்று வந்த ஓட்டுநர்கள் இருவர், ஏற்கெனவே வெளியேறிவிட்ட பெட்டிகளைத் தேடி யார்டு முழுவதும் அலைந்தார்கள். அது என்னை மிகவும் உறுத்தியது.

எல்லோருமே இணைய இணைப்பைத்தான் குறை சொன்னோம். வேகத்தை இரட்டிப்பாக்கியும் 5 நிமிடம்கூடக் குறையவில்லை. அதன் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: ரெஃப்ரெஷ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரில், அங்கே நடப்பதைக் காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து, பவர் பிஐ அங்கே என்ன கேட்கிறது என்று பார்த்தேன். கேட் பதிவு அட்டவணை முழுவதையும், எந்தத் தேதி வரம்பும் இல்லாமல், எல்லாப் பத்திகளோடும் (நெடுவரிசைகளோடும்) அது கேட்டுக்கொண்டிருந்தது. அறிக்கைக்கு வேண்டியதோ கடைசி 2 ஆண்டுகளின் பதிவுகள் மட்டுமே. தேதி வடிகட்டியை நான் வைத்திருந்த இடம்தான் பிழை. ஷிப்பிங் லைன் பெயர்கள் கொண்ட எக்செல் கோப்போடு இணைக்கும் படிக்குக் கீழே அது இருந்தது. பவர் பிஐக்குள் தரவைச் சீர்செய்யும் பகுதியான பவர் குவெரியில் நாம் அடுக்கும் படிகளை ஒரே எஸ்க்யூஎல் வாக்கியமாக்கி, வேலையைத் தரவுத்தளத்திடமே ஒப்படைப்பதைக் குவெரி ஃபோல்டிங் என்கிறோம். எக்செல்லோடு இணைத்த இடத்தில் அது முறிந்துவிட்டதால், மீதி வேலை முழுவதும் கேட்வே (அலுவலகத் தரவைப் பவர் பிஐ இணையச் சேவைக்கு எடுத்துச் செல்லும் மென்பொருள்) ஓடும் கணினியின் தலையில் விழுந்தது. அந்தப் படியில் வலது சொடுக்கினால் வரும் ‘வியூ நேட்டிவ் குவெரி’ மங்கிக் கிடந்ததை நான் பலமுறை பார்த்தும் பொருட்படுத்தாமல் இருந்திருக்கிறேன்.

வடிகட்டியை முதல் படிக்கு ஏற்றி, பயன்படாத பத்திகளை நீக்கி, எக்செல் இணைப்பை எடுத்துவிட்டு அதைத் தனி அட்டவணையாக்கி பவர் பிஐ மாடலில் இரு அட்டவணைகளுக்கும் உறவு அமைத்தேன். ஒரே மூலக் குவெரியை (தரவைக் கேட்கும் கட்டளையை) மூன்று குவெரிகள் சுட்டிக்கொண்டிருந்ததால், ஒரே தரவு மூன்று முறை படிக்கப்பட்டு வந்ததும் அப்போதுதான் தெரிந்தது; அதையும் சரிசெய்தேன். இப்போது 25 நிமிடங்களில் முடிகிறது.

மணலியிலிருந்து:

நண்பர் எழுதியதைப் படித்ததும் எங்கள் அலுவலகத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. எங்கள் குவெரிகளில் குறை எதுவும் இல்லை. கேட்வேதான் தவறான இடத்தில் இருந்தது. கணக்குப் பிரிவின் சாதாரண மேசைக் கணினியில், அதுவும் வைஃபையில், அதை யாரோ நிறுவிவிட்டுப் போயிருந்தார்கள். கேட்வே தரவை முதலில் தன் வட்டில் சேர்த்துக்கொண்டு, பிறகு பவர் பிஐ இணையச் சேவைக்கு அனுப்புகிறது. அந்த வட்டு பழைய வகை. போதாததற்கு வைரஸ் தடுப்பு மென்பொருள் அங்கே எழுதப்படும் ஒவ்வொரு தற்காலிகக் கோப்பையும் சோதித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆறு அறிக்கைகளும் சரியாக 6 மணிக்குத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. அரை மணி இடைவெளியில் அவற்றைப் பிரித்துப் போட்டதே பாதிச் சிக்கலைத் தீர்த்தது. எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டு உள்ள, தூங்காத, கம்பி இணைப்பு கொண்ட கணினிக்குக் கேட்வேயை மாற்றியது மீதியைத் தீர்த்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரெஃப்ரெஷ் அடுத்தடுத்து 4 முறை தோற்றால் அதன் நேர அட்டவணையே தானாக அணைக்கப்பட்டுவிடும். அந்த அறிவிப்பு மின்னஞ்சல், வேலையை விட்டுச் சென்றுவிட்ட ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்ததால், ஒன்பது நாட்கள் பழைய எண்களையே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திருவொற்றியூரிலிருந்து மீண்டும்:

மணலி நண்பருக்கு நன்றி; எங்கள் அறிவிப்பு முகவரியையும் இன்றே பார்த்து மாற்றினேன். 25 நிமிடங்களோடு நிற்காமல், அண்மைக் காலத் தரவை மட்டும் புதுப்பிக்கும் இன்கிரிமென்டல் ரெஃப்ரெஷையும் அமைத்தேன். அதில் நான் செய்த தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். உள்ளே வந்த தேதியை, எந்தத் தேதி முதல் எதுவரை என்று குறிக்கும் ரேஞ்ச்ஸ்டார்ட், ரேஞ்ச்எண்ட் அளவுருக்களோடு இணைத்து, கடைசி 10 நாட்கள் மட்டும் புதுப்பிக்கும்படி வைத்தேன். ரெஃப்ரெஷ் 4 நிமிடங்களில் முடிந்தது, ஆனால் அறிக்கை பொய் சொல்லத் தொடங்கியது. 40 நாட்களுக்கு முன் வந்து நேற்று வெளியேறிய பெட்டியின் பழைய வரி அந்த 10 நாட்களுக்குள் வராததால், அது இன்னும் யார்டிலேயே நிற்பதாகக் காட்டியது. இறக்கிய 30 நாட்களுக்குள் விடுவிக்கப்படாத சரக்கு, 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 48-ஆவது பிரிவின்கீழ் அறிவிப்புக்குப் பின் ஏலத்துக்குப் போகக்கூடும் என்பதால், எங்கள் தொழிலில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியவை இந்தப் பழைய பெட்டிகள்தான்.

புதுப்பிக்கும் கால வரம்பை 120 நாட்களாக அகலப்படுத்தி, கடைசியாகத் திருத்திய நேரம் உள்ள பத்தியைக் கொண்டு மாற்றம் கண்டறியும் வசதியையும் இயக்கினேன். மாற்றமே இல்லாத நாட்களின் தரவை அது மீண்டும் இழுப்பதில்லை. அதையும் தாண்டிக் கிடக்கும் சில பெட்டிகளுக்காக, நிலுவையில் உள்ளவற்றை மட்டும் ஒவ்வொரு முறையும் முழுமையாக எடுக்கும் சிறிய அட்டவணை ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். இப்போது 9 நிமிடங்கள் ஆகின்றன. கூடுதலாகும் அந்த 5 நிமிடங்களை நான் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன். அறிக்கையைத் தயாரிக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப்பிலிருந்து அதை மீண்டும் வெளியிட்டால், சேர்ந்திருக்கும் பழைய தரவுப் பகுதிகள் அழிந்து, முதல் ஏற்றம் முழுவதும் மறுபடி நடக்கும். ஆகவே அந்த வேலையை ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு ஒதுக்கியிருக்கிறேன்.