மருந்துக்கடையில் காப்பீட்டு அட்டையைக் காட்டி மாத்திரை வாங்க முடியுமா?

அம்பைவாசி (கேள்வி)

என் தந்தைக்கு வயது 66. இதயத்தில் அடைப்பு ஏற்பட்டு, திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்து, ஜூலை 12 அன்று வீடு திரும்பினார். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி இருந்ததால் மருத்துவமனைச் செலவு, காப்பீட்டு நிறுவனமே நேரடியாகச் செலுத்தும் கேஷ்லெஸ் முறையில் முடிந்துவிட்டது. ஆனால் இரண்டு நாள் கழித்து அம்பாசமுத்திரத்தில் மருந்து வாங்கச் சென்றபோது, கடைக்காரர் காப்பீட்டு அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "இது இங்கே செல்லாது" என்று சொல்லிவிட்டார். இதய மாத்திரைகளுக்கு மாதம் 2,400 ரூபாய், ஏற்கெனவே சாப்பிட்டுவரும் சர்க்கரை மாத்திரைகளுக்கு 900 ரூபாய் ஆகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை, அங்கே கடையில் அட்டையைக் காட்டித் தன் பங்கை மட்டும் செலுத்தி மருந்து வாங்குவதாகச் சொன்னதிலிருந்து, கடைக்காரர் நம்மை ஏமாற்றுகிறார் என்றே தந்தை நம்புகிறார். உண்மையில் இங்கே அதற்கு வழி உண்டா?

முன்னாள் டி.பி.ஏ. (காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் நிறுவனம்) ஊழியர்

கடைக்காரர் சொன்னது சரிதான், அண்ணாச்சி. உங்கள் தங்கை இருக்கும் ஊரில் மருந்துக்கடையும் காப்பீட்டு நிறுவனமும் கணினி வழியாக அந்த இடத்திலேயே கணக்கை முடித்துக்கொள்கின்றன. நம் நாட்டு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சையைச் சுற்றிக் கட்டப்பட்டது. புறநோயாளிச் செலவுக்கெனத் தனிப் பிரிவு எடுத்திருந்தால் ஒழிய, மருந்துக்கடையில் அட்டைக்கு வேலையில்லை. அதற்காகப் பணம் கிடைக்காது என்று விட்டுவிட வேண்டாம். உங்கள் பாலிசியில் மருத்துவமனையில் சேருவதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பியதற்குப் பிந்தைய 60 நாள் ஆகியவற்றில், அதே நோய்க்காக ஆகும் மருந்து, பரிசோதனை, மருத்துவர் கட்டணம் எல்லாம் அடங்கும். நீங்கள் முதலில் பணம் கொடுத்து வாங்கி, பின்னர் பில்லை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும்.

ஜூலை 12 என்றால் உங்கள் 60 நாள் செப்டம்பர் 10 அன்று முடிகிறது. அதிலிருந்து 15 நாளுக்குள், அதாவது செப்டம்பர் 25-க்குள், காகிதங்கள் போய்ச் சேர வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்த 15 நாளில்தான். இரண்டு மாத இதய மாத்திரை 4,800 ரூபாயில், பாலிசிப்படி உங்கள் பங்கான 5 சதவீதம், அதாவது 240 ரூபாய், கழிந்து 4,560 ரூபாய் கிடைக்கலாம். வீடு திரும்பிய அன்று மருத்துவமனைக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிய மாத்திரை பில் இருந்தால் அதையும் சேருங்கள். அடைப்புக்கான அறிகுறி தெரிந்து முதலில் எடுத்த ஈ.சி.ஜி. ரசீதும் கணக்கில் வரும். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பாளை மருந்தாளுநர்

கடைக்குள் நிற்பவனாக ஒரு விஷயம். நம் பக்கத்தில் பழைய மாத்திரை அட்டையின் வெட்டிய துண்டைக் காட்டி, "இதே மாத்திரை ஒரு பத்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, பில் கேட்காமல் பேருந்தைப் பிடிக்கப் போவதுதான் வழக்கம். காப்பீட்டிலிருந்து பணம் வாங்க நினைப்பவர் அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும். நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி மாதம், கடையின் உரிம எண் ஆகியவை பில்லில் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் வாங்கினாலும் அதற்கு ஆதாரமாக மருத்துவர் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். சீட்டில் ஒரு நிறுவனத்தின் மாத்திரையும் பில்லில் வேறொரு நிறுவனத்தின் மாத்திரையும் இருந்தால் கேள்வி வரும். ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் காட்டச் செல்லும்போது, மருந்தின் மூலப்பெயரை (நிறுவனம் வைத்த பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை) எழுதித் தரும்படி கேளுங்கள்.

சர்க்கரை மாத்திரையை வேறு பில்லில் வாங்குங்கள். அது இந்தச் சிகிச்சைக்கு உரியதல்ல என்று பொதுவாகக் கழித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பணம் வரட்டும் என்று காத்திருந்து இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை ஒரு நாள்கூட விட்டுவிடாதீர்கள். புதிதாக வைத்த ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்து மீண்டும் அடைத்துவிடக்கூடும்.

கல்லிடைக்குறிச்சி ஓய்வூதியர்

அந்த 60 நாளுக்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது, ஏனென்றால் மாத்திரை ஆயுள் முழுக்கத் தொடர்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுவதும் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மக்கள் மருந்தகம் என்ற மத்திய அரசின் கடைகளும் உள்ளன. மூலப்பெயர் எழுதிய சீட்டு இருந்தால் அங்கே விலை வெகுவாகக் குறையும். உங்கள் தந்தையின் சர்க்கரை மாத்திரைக்கு, 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்தால், இலவசமாக வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நான் ஆரம்பத்தில் கௌரவம் பார்த்துப் பதியாமல் இருந்தேன், வீண் செலவு.

அம்பைவாசி

அனைவருக்கும் நன்றி. தந்தையிடம் வாசித்துக் காட்டினேன்; கடைக்காரர் மீதிருந்த கோபம் இப்போது காப்பீட்டு நிறுவனத்தின் மீது திரும்பியிருக்கிறது. ஒரு சந்தேகம்: ஜூலை 14 அன்று இரண்டு வகை மாத்திரைகளையும் ஒரே பில்லில், 3,300 ரூபாய்க்கு, வாங்கிவிட்டேன். அதே தேதியிட்டு இரண்டு பில்லாக மாற்றித் தரும்படி கேட்கலாமா?

பாளை மருந்தாளுநர்

வேண்டாம். பில் எண்கள் வரிசையாக ஓடுபவை. பின்தேதியிட்டு எழுதினால் கடைக்காரரும் நீங்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள். இருக்கிற பில்லையே அனுப்பி, படிவத்தில் 2,400 ரூபாயை மட்டும் கோருங்கள். மூலப் பில்லை அனுப்புவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் உள்ள மை நாளடைவில் மங்கிவிடக்கூடும்.