சேற்றுப்புண், படர்தாமரை, சோலை மண்: பூஞ்சை மருந்தோடு உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து:

என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். மழைக்காலம் வந்தால் அவர் கால் விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, நடக்கவே சிரமப்படுவார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணி உரசும் இடத்தில் படர்தாமரை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடுவார். கொஞ்சம் அடங்கும், அடுத்த மழையில் திரும்ப வரும்.

நான் மைக்ரோபயாலஜி முடித்ததும் ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருடம் திட்ட உதவியாளராக இருந்தேன். பூஞ்சையைக் கொல்லும் ஏதாவது நம் மலைச் சோலைக்காட்டு மண்ணில் இருக்கிறதா என்று தேடுவதுதான் வேலை. வனத்துறை அனுமதி வாங்கி, சோலை ஓரத்தில் இலைமக்கை ஒதுக்கிவிட்டு அடியில் இருந்த கருமண்ணை எடுத்தோம். அதை உலர்த்தி, தண்ணீரில் கலக்கி, பல மடங்கு நீர்க்கவைத்து நுண்ணுயிர் வளர்க்கும் அகார் தட்டில் பரப்பினால், ஒரு வாரத்தில் சுண்ணாம்புப் பொடி சிந்தியது போல வெள்ளைப் புள்ளிகள் எழும்பும். அவைதான் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள். மழை விழுந்ததும் வரும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினை உண்டாக்குவதும் இவைதான். தட்டைத் திறந்தால் மூடிய அறைக்குள் முதல் மழை வாசம் அடிக்கும். எனக்கு அந்த வேலையில் மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

ஒரு நாள் கேண்டிடா பூஞ்சை பரப்பிய தட்டில், எங்கள் புள்ளி ஒன்றைச் சுற்றி மட்டும் பூஞ்சை வளராமல் தெளிந்த வளையம் விழுந்திருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்போ என் காலுக்கு மருந்து வந்துடுமா?" என்று கேட்டார். வந்துவிடும் என்றே நானும் நம்பினேன்.

அடுத்த வாரம் அந்தப் புள்ளியிலிருந்து எடுத்த சாற்றை ரத்தச் சிவப்பணுக்களோடு சேர்த்துப் பார்த்தோம். அணுக்கள் உடைந்து குழாய் முழுக்கச் சிவந்துவிட்டது. பூஞ்சையோடு சேர்த்து நம் அணுவையும் அது உடைத்தது. பாக்டீரியா நமக்கு வெகுதூரத்து உயிர். பூஞ்சையோ உயிரணு அமைப்பில் நமக்குக் கிட்டத்துச் சொந்தம். அதன் அணுச் சவ்வில் எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருள், நம் சவ்வில் கொலஸ்ட்ரால். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கண்டுகொண்டு தாக்கும் பொருள்தான் மருந்தாக முடியும். எங்களுடையது அவ்வளவு துல்லியமாக இல்லை. பிறகு மூலக்கூறின் எடையை அளக்கும் நிறைமாலைச் சோதனை செய்து பார்த்ததில், ஏற்கெனவே தெரிந்த பாலியீன் என்ற பூஞ்சைக்கொல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும் தெரிந்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் இருவரைப் பற்றியும் படித்தேன். ஹேசன் நியூயார்க் நகரத்தில் இருந்துகொண்டு மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, தபாலில் அதே மாநிலத்தின் ஆல்பனி நகரத்துக்கு அனுப்புவார். அங்கே வேதியியலாளர் பிரௌன் அதிலிருக்கும் பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். பெரும்பாலானவை விஷமாகவே இருந்தன. கடைசியில் வர்ஜீனியாவில் ஒரு நண்பரின் மாட்டுப்பண்ணை மண்ணில் கிடைத்ததுதான் 1950இல் அவர்கள் அறிவித்த நிஸ்டாட்டின். குழந்தைகளின் வாயில் வரும் வெண்படலத்துக்கு இன்றும் கொடுக்கிறார்கள். அதில் வந்த உரிமத்தொகை 1 கோடியே 30 லட்சம் டாலரை இருவருமே தொடவில்லை, எல்லாம் அறிவியல் ஆய்வுக்கே போனது. இவர்களை நம் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

பூம்பாறையிலிருந்து:

தங்கச்சி, நான் பூண்டு விவசாயி. எனக்கும் காலில் சேற்றுப்புண். நம்ம ஊர் மலைப்பூண்டுக்கு மிஞ்சிய மருந்து உண்டா என்று நாலு பல்லை நசுக்கி, துணி வைத்துக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். விடிந்தபோது கால் கொப்பளித்திருந்தது. தீக்காயத்துக்குப் போடுவது போலத்தான் டாக்டர் மருந்து போட்டார், பதினைந்து நாள் தோட்டத்துப் பக்கம் போகவில்லை.

அப்புறம் பூண்டு வாங்க வந்த ஒரு பார்மசி மாணவர் விளக்கினார். பூண்டின் காரத்துக்கும் வாசனைக்கும் காரணமான அல்லிசின் முழுப் பல்லில் கிடையாது. நசுக்கும்போதுதான் உள்ளேயிருக்கும் நொதி வேலை செய்து அது உண்டாகிறது. வீரியம் அதிகம், ஆனால் நிலைக்காது. அதுவே எண்ணெயில் ஊறி மாறும்போது அஜோயீன் என்ற பொருள் கிடைக்கிறது. வெனிசுலாவில் அதை 0.4 சதவீதக் களிம்பாக்கிச் சேற்றுப்புண் வந்தவர்களிடம் பரிசோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்களாம். பூண்டில் மருந்து இருப்பது உண்மைதான். எவ்வளவு, எந்த வடிவத்தில் என்பது தெரியாமல் கட்டியது என் தப்பு.

கூடலூரிலிருந்து:

நான் செவிலியர். 2021இல் கோவையில் வேலை பார்த்தேன். கருப்புப் பூஞ்சை வந்த நேரம். அந்த ஜூன் மாதம் முடிவதற்குள் நாடு முழுக்க 40,000 பேருக்கு மேல் வந்துவிட்டது. அதற்கான மருந்து ஆம்போடெரிசின் கிடைக்காமல் மருந்துச் சீட்டோடு ஊர் ஊராக அலைந்த குடும்பங்களைப் பார்த்தேன். மலையிலிருந்து வந்த ஒரு பெரியவரின் மகன் மூன்று நாள் தூங்காமல் அலைந்து, கடைசியில் பழைய வகை மருந்தைத்தான் கொண்டுவந்தார். அதை டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில்தான் கலக்க வேண்டும். சலைன் என்ற உப்புக் கரைசலில் கலந்தால் திரிந்துவிடும். மணிக்கணக்கில் மெதுவாக இறக்க வேண்டும். இறங்கும்போதே அந்தப் பெரியவருக்குக் குளிரும் உதறலும் வந்துவிடும், நான் கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்திக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால் தினமும் ரத்தப் பரிசோதனை. ஒரு கண் போனது, உயிர் பிழைத்தார்.

வெனிசுலாவின் ஓரினோகோ ஆற்றுப் பக்கத்து மண்ணில் 1950களில் கண்டெடுத்தது அந்த மருந்து. எழுபது வருடம் கழித்தும் அதையே நம்பி நின்றோம். இந்தத் துறையில் இன்னும் எத்தனை பேர் வேலை செய்ய வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அக்கா, நீங்கள் தேடியது வீண் என்று நினைக்காதீர்கள்.

பண்ணைக்காட்டிலிருந்து:

தொடையில் படர்தாமரை. கடையில் கேட்டு வாங்கிய களிம்பில் ஸ்டீராய்டும் கலந்திருந்தது எனக்குத் தெரியாது. இரண்டே நாளில் அரிப்பு நின்றது. ஆறு மாதத்தில் முதுகு வரை ஏறிவிட்டது, வீட்டில் மனைவிக்கும் குழந்தைக்கும் தொற்றியது. தோலைச் சுரண்டிப் பரிசோதித்த டாக்டர், வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மருந்துக்கு அடங்காத வகை இப்போது நம் நாட்டில் பரவுகிறது என்றார். மூன்று பேரும் மாதக்கணக்கில் வேறு மாத்திரை சாப்பிட்டோம். தயவுசெய்து கேட்டு வாங்காதீர்கள், சீட்டோடு வாங்குங்கள்.

மறுபடி கோத்தகிரியிலிருந்து:

கூடலூர்த் தங்கச்சி எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. வீண் என்று நினைக்கவில்லை. பூஞ்சையின் வெளிச்சுவரில் குளுக்கான் என்ற பொருள் இருக்கிறது, நம் உடம்பில் அந்தச் சுவரே கிடையாது. அதைக் கட்டவிடாமல் தடுப்பதுதான் 2001இல் வந்த காஸ்போஃபங்கின் என்ற மருந்து. அதன் மூலமும் ஒரு பூஞ்சைதான். 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐபிரெக்ஸாஃபங்கர்ப் என்ற மருந்து, ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் இலையில் வாழும் ஒரு பூஞ்சை தந்த பொருளிலிருந்து பிறந்தது. இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சையிலேயே மருந்து கிடைக்கிறது என்றால், நம் சோலை மரங்களின் இலைகளைத் தேடாமல் விடலாமா? ஆனால் ஒன்று. நம் மலைப் பழங்குடிகளான குறும்பரோ பளியரோ வழிகாட்டிக் கிடைக்கும் செடியானால், 2002ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி அவர்களுக்குப் பங்கு போக வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. டாக்டர் கொடுத்த களிம்பு, ஈரமில்லாத காலுறை, அவ்வளவில் கால் ஆறிவிட்டது. எங்கள் வெள்ளைப் புள்ளி கிளிசராலில் உறைந்து மைனஸ் 80 டிகிரியில் பத்திரமாக இருக்கிறது. அதன் பொருளைக் கொஞ்சம் மாற்றினால் ரத்த அணுவை விட்டுவிட்டுப் பூஞ்சையை மட்டும் தொடுமா என்று இப்போது வேறொரு மாணவி பார்க்கிறாள்.

பூம்பாறை அண்ணா, அந்தப் பார்மசி மாணவர் திரும்ப வந்தால், அஜோயீனை ரத்த அணுக்களோடு சேர்த்துப் பார்த்தார்களா என்று கேட்டுச் சொல்கிறீர்களா?